ஆஃபரை ஏற்றாயிற்று, மீதி இன்டர்வியூக்களை எப்படி ரத்து செய்வது? முழு வழிகாட்டி

ஒரு கம்பெனியின் ஆஃபரை ஏற்றுக்கொண்டீர்கள். ஆனால் அடுத்த வாரம் இன்னும் சில இன்டர்வியூக்கள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று கன்சல்டன்சி வழியாக வந்தது, ஒன்று பழைய டீமில் இருந்த அண்ணா ரெஃபர் செய்தது, இன்னொன்றில் இரண்டு ரவுண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இந்த இடத்தில் நிறைய பேர் போனை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சங்கடப்பட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் அந்த நேரமே வந்துவிடுகிறது.

சென்னையில் ஐ.டி. வேலை மாறும் ஜூனியர்கள் பலருக்கு இந்த மெயிலை எழுத உதவியிருக்கிறேன், இன்டர்வியூ எடுக்கும் பேனலிலும் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இது: மெயிலில் வார்த்தை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை, எப்போது சொன்னீர்கள், யாரிடம் முதலில் சொன்னீர்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஒரு நாள் முன்னால் தெரிந்தால் ரெக்ரூட்டர் (ஆள் எடுப்பதைப் பார்த்துக்கொள்பவர்) அந்த ஸ்லாட்டில் வேறொருவரைக் கூப்பிட முடியும். பத்து நிமிடம் முன்னால் தெரிந்தால் அந்த ஸ்லாட் யாருக்கும் உதவாமல் போய்விடும்.

கீழே இருப்பது தனியார் வேலைகளுக்கு, குறிப்பாக ஐ.டி. வேலைகளுக்கு. அரசுப் பணிக்கான நேர்காணல், சான்றிதழ் சரிபார்ப்பு போன்றவற்றுக்கு அந்தந்த அறிவிப்பில் உள்ள விதிதான் செல்லும், அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. முதலில் ஆஃபர் உறுதியானதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஹெச்.ஆர். போனில் "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, ஆஃபர் ரெண்டு நாள்ல வரும்" என்று சொன்னதுமே சந்தோஷத்தில் மற்ற எல்லா இன்டர்வியூவையும் ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் அப்ரூவல் நிற்கும், பட்ஜெட் போய்விடும், அந்தப் பொசிஷனையே மூடிவிடுவார்கள். போனில் சொன்ன வார்த்தையை வைத்து நீங்கள் எதையும் கேட்க முடியாது.

லெட்டர் ஆஃப் இன்டென்ட் வந்திருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். "உங்களை எடுக்க விரும்புகிறோம்" என்பதுதான் அதன் பொருள், பல கம்பெனிகள் சம்பள விவரத்தோடு கூடிய ஆஃபர் லெட்டரை அதற்குப் பிறகுதான் அனுப்பும். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். உங்கள் பெயர், பதவி, வேலை செய்யும் ஊர், சேர வேண்டிய தேதி, சி.டி.சி.யின் (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) பிரிப்பு, புரொபேஷன் காலம், அங்கே உங்களுக்கு எத்தனை நாள் நோட்டீஸ் பீரியட் (வேலையை விடுவதாகச் சொன்ன பிறகு வேலை செய்ய வேண்டிய நாட்கள்), பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) ஏதாவது இருக்கிறதா, இத்தனையும் பேசியபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சி.டி.சி.யில் வேரியபிள் பே எவ்வளவு, கிராஜுவிட்டியும் கம்பெனி கட்டும் பி.எஃப்.பும் அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். கையில் வரும் தொகை நினைத்ததைவிடக் குறைவாக இருந்து, அதை மற்ற இன்டர்வியூக்களை விட்ட பிறகு கண்டுபிடித்தால், பேரம் பேச உங்களிடம் எதுவும் மிச்சம் இருக்காது.

ஆஃபர் மெயில் கம்பெனியின் சொந்த டொமைனில் இருந்து வந்ததா என்றும் கவனியுங்கள். லேப்டாப்புக்கு டெபாசிட், ட்ரெயினிங்குக்குக் கட்டணம், வெரிஃபிகேஷனுக்கு முன்பணம் என்று எதற்காகப் பணம் கேட்டாலும் அதை ஆஃபராக எண்ணி எந்த இன்டர்வியூவையும் ரத்து செய்யாதீர்கள். வேலை என்ற பெயரில் நடக்கும் மோசடி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

எல்லாம் சரி என்றால் முதலில் ஏற்புச் சம்மதத்தை அனுப்புங்கள். போர்ட்டலில் "அக்செப்ட்" கொடுத்து, உறுதி மெயில் வந்ததைப் பார்த்த பிறகே மற்றவர்களுக்குச் சொல்ல ஆரம்பிக்க வேண்டும்.

பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆஃபர் லெட்டர்களில் பெரும்பாலும் "சரிபார்ப்புக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். சில கம்பெனிகள் சேர்வதற்கு முன்பே முடித்துவிடும், சில சேர்ந்த பிறகும் இழுத்துக்கொண்டிருக்கும், ஆகவே அது முடியும்வரை எல்லோரையும் காக்க வைக்க முடியாது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால், உதாரணமாக முன்பு வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள், ரிலீவிங் லெட்டர் இல்லை, ரெஸ்யூமில் உள்ள தேதியும் யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். எண்) கணக்கில் உள்ள பி.எஃப். தேதியும் பொருந்தவில்லை, இப்படி ஏதாவது என்றால், அதைப் புதிய ஹெச்.ஆர்.இடம் இப்போதே சொல்லி எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் மற்ற கதவுகளை மூடுங்கள்.

சரி, ஆஃபர் லெட்டர் இன்னும் வரவில்லை, நாளைக் காலை இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது, என்ன செய்வது? போய்விட்டு வாருங்கள். கையில் எழுத்து இல்லாதவரை நீங்கள் வேலை தேடுபவர்தான், அதில் ஒரு தப்பும் கிடையாது.

2. பட்டியல் போடுங்கள், நினைவை நம்பாதீர்கள்

"மூணு இன்டர்வியூதான் இருக்கு" என்று சொன்னவர்களிடம் உட்கார்ந்து தேடிப் பார்த்தால் ஐந்தாறு வரும். மெயில், காலண்டர், வாட்ஸ்அப், கால் ஹிஸ்டரி, நௌக்ரி வேலைத் தளத்தின் இன்பாக்ஸ், லிங்க்ட்இன் மெசேஜ் எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். "சனிக்கிழமை இன்டர்வியூ டிரைவுக்கு வர்றேன் மேடம்" என்று போனில் வாயால் சொன்னதுதான் முதலில் மறந்துபோகும். ஆன்லைன் டெஸ்டுக்கு வந்த லிங்க், வீட்டில் செய்து அனுப்பச் சொன்ன அசைன்மென்ட், இவையும் பட்டியலில் வர வேண்டும். அங்கேயும் உங்கள் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார்.

ஒரு தாளில் அல்லது ஷீட்டில் இவ்வளவு போதும்: கம்பெனி, பதவி, எந்த ரவுண்டு, தேதியும் நேரமும், யார் வழியாக வந்தது, யாருடைய நம்பர் அல்லது மெயில். "யார் வழியாக" என்ற கட்டம்தான் முக்கியம், நான்காவது படியில் அதை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறோம்.

சும்மா அப்ளை செய்துவிட்டு எந்தப் பதிலும் வராத இடங்களுக்கு மெயில் எல்லாம் வேண்டாம். போர்ட்டலில் "வித்டிரா" இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

3. எதை முதலில் ரத்து செய்வது

தேதி நெருங்கியதை முதலில் எடுங்கள். நாளை இருக்கும் இன்டர்வியூவுக்கு இன்று ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெங்களூருவுக்கோ ஹைதராபாத்துக்கோ நேரில் வரச் சொல்லி கம்பெனியே டிக்கெட்டோ ஹோட்டலோ போட்டிருந்தால், அது பத்து நாள் கழித்து இருந்தாலும் அதற்குத்தான் முதல் போன். டிக்கெட்டைத் தாமதமாக ரத்து செய்யச் செய்ய அவர்களுக்குப் பணம் போகும். டிக்கெட் நீங்கள் போட்டு அவர்கள் பிறகு தருவதாகச் சொல்லியிருந்தால், உடனே ரத்து செய்துவிட்டு அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், கேட்க வேண்டாம்.

அடுத்து கடைசி ரவுண்டு, மேனேஜர் ரவுண்டு. அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் உங்களுக்காக நேரம் செலவழித்துவிட்டார்கள், சில இடங்களில் உங்களை மனதில் வைத்துக்கொண்டு மற்றவர்களை நிறுத்தியும் வைத்திருப்பார்கள். அப்புறம் மற்ற ரவுண்டுகள், டெஸ்ட்டுகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவது நல்லது. பாதியை இன்று, பாதியை ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் அந்தப் பாதி நடக்காது.

4. யாரிடம் முதலில் சொல்வது

இதில்தான் ஒவ்வொரு வழிக்கும் முறை மாறுகிறது.

கம்பெனி நேரடியாக அழைத்திருந்தால், உங்களோடு பேசிய ரெக்ரூட்டரிடம் சொல்லுங்கள். இன்டர்வியூ எடுப்பவரின் பெயர் காலண்டரில் தெரிகிறது என்பதற்காக அவருக்கு நேராக மெயில் போடாதீர்கள். ஸ்லாட்டை மாற்றிக் கொடுப்பவர் ரெக்ரூட்டர், அவருக்குத் தெரியாமல் பேனலுக்குத் தெரிந்தால் அங்கே அவருக்குத்தான் சங்கடம். தானியங்கி முகவரியிலிருந்து வந்த அழைப்புக்கு அப்படியே பதில் போட்டால் அது யாருக்கும் போய்ச் சேராது. நிறைய பேர் இப்படி அனுப்பிவிட்டு "நான் சொல்லிட்டேனே" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மெயிலின் அடியில் ஆள் பெயரும் நம்பரும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் கன்சல்டன்டிடம்தான் முதலில். கம்பெனியிடம் நீங்கள் நேராகச் சொல்லி, அது சுற்றிவந்து அவருக்குத் தெரிந்தால், தன் ஆள் தனக்கே சொல்லவில்லை என்ற பெயர் அவருக்கு வந்துவிடும். கன்சல்டன்சிக்கு நீங்கள் வேலையில் சேர்ந்தால்தான் கம்பெனி பணம் தரும், ஆண்டு சி.டி.சி.யில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், என்பது இங்கே பரவலாக இருக்கும் கணக்கு. அதனால் சிலர் கோபப்படுவார்கள், "சும்மா ஒருதடவை அட்டெண்ட் பண்ணுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கெஞ்சவும் செய்வார்கள். அவர்கள் நிலைமை புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் அதற்காகப் போய் உட்காராதீர்கள். சேரப்போவதில்லை என்று தெரிந்தே பேனலின் ஒரு மணி நேரத்தை எடுப்பது, சொல்லாமல் விடுவதைவிட மோசம். ஒரே கம்பெனிக்கு இரண்டு கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமை அனுப்பியிருந்தால் இரண்டு பேரிடமும் சொல்ல வேண்டும்.

ரெஃபரல் என்றால், ரெஃபர் செய்தவருக்கு முதல் போன், அதற்குப் பிறகே ஹெச்.ஆர். மெசேஜ் போதாது, போன் செய்யுங்கள். உங்களுக்காக அவர் தன் கம்பெனியில் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார், சில சமயம் மேனேஜரிடம் நேரில் போய்ச் சொல்லியும் இருப்பார். அவருக்கு இது ஹெச்.ஆர். மூலம் தெரியவரக் கூடாது. பேச்சு இவ்வளவு எளிதாக இருக்கலாம்:

"அண்ணா, ஒரு விஷயம், உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். எனக்கு வேற இடத்துல ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு, அக்செப்ட் பண்ணிட்டேன். வியாழக்கிழமை இருக்கிற உங்க கம்பெனி இன்டர்வியூவை கேன்சல் பண்ணச் சொல்லி இப்போ ஹெச்.ஆர்.க்கு மெயில் போடப்போறேன். நீங்க எனக்காகப் பேசினதுக்கு ரொம்ப நன்றிண்ணா. உங்க மேனேஜர்கிட்ட நான் ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, சொல்றேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சில அண்ணன்கள் "வேணாம்டா, நானே சொல்லிக்கிறேன்" என்பார்கள், சிலர் "நீயே ஒரு மெயில் போட்டுடு" என்பார்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

கல்லூரி கேம்பஸ் என்றால் கம்பெனிக்கு எதுவும் அனுப்பாதீர்கள், பிளேஸ்மெண்ட் அலுவலரிடம் சொல்லுங்கள். பல கல்லூரிகளில் ஒருவருக்கு ஓர் ஆஃபர் என்ற விதி இருக்கிறது, கிடைத்த பிறகு அவர்களே பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுப்பார்கள். நீங்கள் தனியாக மெயில் போட்டால் அந்தக் கம்பெனி அடுத்த வருடம் உங்கள் ஜூனியர்களுக்கு வருவதில்கூடக் கசப்பு வரலாம். கல்லூரிக்கு வெளியே தனியாகத் தேடிக் கிடைத்த ஆஃபர் என்றாலும் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

5. போனா, மெயிலா

இன்டர்வியூவுக்கு இன்னும் 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மெயில் போதும். அதற்குள் என்றால் முதலில் போன், கையோடு மெயில். ரெக்ரூட்டர்கள் நாள் முழுக்க போனில்தான் இருப்பார்கள், மெயிலை மாலைதான் பார்ப்பார்கள். எடுக்கவில்லை என்றால் பத்து தடவை அடிக்காமல் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டுவிட்டு மெயிலை அனுப்புங்கள்.

எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பிலேயே நடந்திருந்தால் அங்கே சொல்வதில் தவறில்லை. ஆனாலும் ஒரு மெயில் இருக்கட்டும். அந்த ரெக்ரூட்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் வாட்ஸ்அப் அவரோடு போய்விடும், கம்பெனி சிஸ்டத்தில் "வரவில்லை" என்று மட்டும் உங்கள் பெயருக்கு எதிரே நிற்கும். பின்னாளில் அதே கம்பெனிக்கு அப்ளை செய்யும்போது உங்களிடம் காட்ட மெயில் இருந்தால் நல்லது.

போனில் பேசப் பயப்படுபவர்களுக்கு, இதைப் பார்த்துப் படித்தால்கூடப் போதும்:

"வணக்கம் மேடம், நாளைக்கு 11 மணி டெஸ்டிங் இன்டர்வியூ சம்பந்தமா கூப்பிட்டேன். எனக்கு வேற ஒரு ஆஃபர் வந்து அக்செப்ட் பண்ணிட்டேன், அதனால நாளைக்கு வர முடியாது. வேற யாருக்காவது ஸ்லாட் குடுக்க உதவுமேன்னு உடனே சொல்றேன். மெயிலும் இப்பவே போட்டுடறேன். நன்றி மேடம்."

முப்பது விநாடிகூட ஆகாது. பெரும்பாலும் "ஓகே, தேங்க்ஸ் ஃபார் இன்ஃபார்மிங்" என்று வைத்துவிடுவார்கள். திட்டுவார்கள் என்று பயந்து இரண்டு நாள் தூங்காமல் இருந்தவர்களுக்கும் நடந்தது இதுதான்.

6. மெயிலை எழுதுவது

புது மெயிலாக எழுதாமல், இன்டர்வியூ உறுதி செய்து அவர்கள் அனுப்பிய மெயிலுக்கே பதிலாகப் போடுங்கள். ஒரு ரெக்ரூட்டர் ஒரே நாளில் ஏகப்பட்ட பேரோடு பேசுகிறார், பழைய மெயில் கீழேயே இருந்தால் நீங்கள் யார் என்று தேட வேண்டியதில்லை. தலைப்பு வரியில் உங்கள் பெயர், பதவி, தேதி மூன்றும் இருக்கட்டும். "அர்ஜென்ட்" என்றோ "ரிகார்டிங் இன்டர்வியூ" என்றோ மொட்டையாகப் போடாதீர்கள்.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் சொல்லும் வரிசை எந்த மொழியிலும் ஒன்றுதான், அதைத் தமிழில் தருகிறேன்:

வணக்கம் மேடம்,

வரும் புதன்கிழமை காலை 11 மணிக்கு டெஸ்ட் இன்ஜினியர் பதவிக்கு எனக்கு நேர்காணல் ஏற்பாடு செய்திருந்தீர்கள். வேறொரு நிறுவனத்தின் ஆஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டதால் இதில் கலந்துகொள்ள இயலவில்லை. என் விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நேரம் ஒதுக்கியதற்கு உங்களுக்கும் நேர்காணல் எடுக்கவிருந்தவர்களுக்கும் நன்றி.

பெயர், கைபேசி எண்

இவ்வளவுதான். முதல் வரியில் எந்த இன்டர்வியூ, இரண்டாவது வரியில் என்ன முடிவு. நன்றியையும் மன்னிப்பையும் முன்னால் நீட்டி எழுதி, விஷயத்தைக் கடைசியில் வைப்பது எல்லோரும் செய்யும் தவறு. போனில் மெயில் நோட்டிஃபிகேஷனில் தெரியும் முதல் இரண்டு வரியிலேயே அவருக்குப் புரிய வேண்டும்.

"விண்ணப்பத்தையும் திரும்பப் பெறுகிறேன்" என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் அவர்கள் "சரி, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா" என்று புதுத் தேதியோடு வருவார்கள், நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

எழுதக் கூடாதவை சில. எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம் என்று எழுத வேண்டாம், யாரும் அதைக் கேட்கவில்லை. காய்ச்சல், வெளியூர், வீட்டில் ஒரு விசேஷம் என்று காரணம் கட்ட வேண்டாம். அது ஒத்திவைப்புக்கான காரணம், ரத்துக்கானது கிடையாது, உடனே "எப்போ குணமாகும்" என்று கேட்பார்கள், அதற்கு இன்னொரு பொய் தேவைப்படும், பிறகு லிங்க்ட்இனில் புதுக் கம்பெனி பெயரைப் போடும்போது எல்லாம் வெளியே வரும். "உங்க கம்பெனி ரிவ்யூ சரியில்லை" மாதிரி விமர்சனமும் தேவையில்லை.

இரண்டு மூன்று ரவுண்டு முடிந்த இடத்துக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள், அது உண்மையாக இருக்க வேண்டும். "இரண்டாவது ரவுண்டில் டேட்டாபேஸ் டிசைன் பற்றிப் பேசியது எனக்குப் பயனுள்ளதாக இருந்தது, அவருக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள்" என்பது போல, நடந்த ஒன்றைக் குறிப்பிட்டு. அந்த மேனேஜர் நாளை வேறு கம்பெனியில் உங்களுக்கே மேனேஜராக வரலாம், சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். சாலை முழுக்க ஆட்கள் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

ஒரே மெயிலை நான்கு கம்பெனிக்கு ஒட்டி அனுப்பும்போது பெயர் மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது. ஒரு கம்பெனிக்குப் போட்ட மெயிலில் இன்னொரு கம்பெனி பெயர். அதற்கு ஒரே வழி: மெயிலில் கம்பெனி பெயரையே எழுதாதீர்கள், பதவியும் நேரமும் போதும். எல்லோரையும் ஒரே மெயிலில் சேர்த்து அனுப்புவதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

7. மெயிலுக்குப் பிறகு காலண்டர்

மெயில் போன பிறகு காலண்டர் அழைப்பை "டிக்ளைன்" செய்யுங்கள். முதலிலேயே டிக்ளைன் செய்தால் காரணம் எதுவும் இல்லாத ஒரு தானியங்கி அறிவிப்பு முந்திப் போய்விடும், அது மூஞ்சியில் அடித்த மாதிரி இருக்கும்.

இதைச் செய்யாமலும் விடாதீர்கள். ரெக்ரூட்டர் மறந்துவிட்டால் பேனலில் இருப்பவர் டீம்ஸ் லிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகக் காத்திருப்பார், நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அவுட்லுக்கில் டிக்ளைன் கொடுக்கும்போது பதிலைத் திருத்தி அனுப்பவா, அப்படியே அனுப்பவா, அனுப்பாமல் விடவா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்து "ரெக்ரூட்டருக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன், நன்றி" என்று ஒரு வரி போடுங்கள். கூகுள் காலண்டரிலும் "நோ" கொடுக்கும்போது குறிப்பு எழுத இடம் உண்டு.

ஆன்லைன் டெஸ்ட் லிங்கைச் சும்மா "பயிற்சிக்கு எழுதிப் பார்ப்போம்" என்று திறக்காதீர்கள். ஸ்கோர் அங்கே பதிவாகும், அதை வைத்து மறுபடி போன் வரும்.

ஆதார், பான், பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாம் அவர்கள் உங்களிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால், குறிப்பாக சின்ன கன்சல்டன்சி என்றால், "என் ஆவணங்களை நீக்கிவிடுங்கள்" என்று அதே மெயிலிலேயே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.

8. அவர்கள் திரும்பக் கூப்பிட்டால்

சில ரெக்ரூட்டர்கள் மெயிலைப் பார்த்ததும் கூப்பிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்: எந்தக் கம்பெனி, எவ்வளவு, நாங்கள் அதற்கு மேல் தந்தால் வருவீர்களா.

முதல் இரண்டுக்கு, "சேர்ந்த பிறகு சொல்றேன் மேடம், இப்போ வேணாமே" என்றால் போதும். கோபப்பட மாட்டார்கள், மார்க்கெட் நிலவரம் தெரிந்துகொள்ளக் கேட்பதுதான் அது.

மூன்றாவது கேள்விதான் ஆட்களை அசைக்கும். போன் வருவதற்கு முன்பே இதற்குப் பதிலை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போனில் ஒரு தொகை காதில் விழுந்த பிறகு யோசனை நேராக இருக்காது. "அக்செப்ட் பண்ணிட்டேன் மேடம், மாத்தறதா இல்லை. நீங்க கேட்டதுக்கு நன்றி" என்று சொல்லி முடியுங்கள். "பாக்கலாம்", "யோசிச்சுச் சொல்றேன்" என்று இழுத்தால், அது ரத்து ஆகாமல் பேரமாக மாறிவிடும், தினமும் போன் வரும்.

9. நோட்டீஸ் பீரியடில் வரும் புது அழைப்புகள்

இங்கே பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணம், 60 நாளும் உண்டு. ஆஃபரை ஏற்றதற்கும் சேர்வதற்கும் நடுவில் மூன்று மாதம். நோட்டீஸில் இருப்பவர் சீக்கிரம் சேர்வார் என்பதால் ரெக்ரூட்டர்கள் அவர்களைத்தான் தேடிக் கூப்பிடுவார்கள், ஆக அழைப்புகள் இப்போதுதான் அதிகமாகும்.

ஆகவே ரத்து செய்த அதே நாளில் நௌக்ரியில் புரொஃபைல் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாதபடி மாற்றுங்கள், லிங்க்ட்இனில் "ஓபன் டு ஒர்க்" எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் பாதிப் பேருக்கு மறுபடியும் ஒரு இன்டர்வியூ பட்டியல் சேர்ந்துவிடுகிறது. அதன் பிறகும் வரும் போனுக்கு "ஆஃபர் அக்செப்ட் பண்ணிட்டேன், இப்போ தேடல" என்ற ஒரே பதில்.

கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு, அதைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மூன்றாவது என்று 90 நாளும் ஏற்றிக்கொண்டே போவது இங்கே சகஜம் என்று எனக்குத் தெரியும். கம்பெனிகளும் ஆஃபரைத் திரும்பப் பெறுகின்றன, அப்புறம் நாம் மட்டும் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சேரும் நாளில் வராமல் போகிறவரால் அந்த டீமில் இருப்பவர்கள்தான் இன்னும் மூன்று மாதம் இரண்டு பேர் வேலையைச் செய்கிறார்கள், ஆஃபரைத் திரும்பப் பெற முடிவெடுத்தவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நிஜமாகவே இன்னும் தேட வேண்டும் என்று தோன்றினால் ஆஃபரை ஏற்காமல், கூடுதல் அவகாசம் கேளுங்கள். நான்கைந்து நாள் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

10. நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டால்

இன்டர்வியூ நேற்று முடிந்துவிட்டது, நீங்கள் போகவில்லை, மூன்று மிஸ்டு கால் கிடக்கிறது. இப்போதும் மெயில் போடுங்கள். "நேற்று 3 மணி நேர்காணலுக்கு நான் வரவில்லை, முன்பே தெரிவித்திருக்க வேண்டும், மன்னிக்கவும். வேறு ஆஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டேன், என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்." காரணம் சேர்க்க வேண்டாம். ரெஃபரல் வழியாக வந்தது என்றால் அந்த அண்ணாவுக்கு இன்றே போன் செய்யுங்கள், அவர் அங்கே மேனேஜரைத் தினமும் பார்த்தாக வேண்டும்.

11. ஏற்ற ஆஃபர் கைநழுவினால்

நடக்கிறது. சேரும் தேதியைத் தள்ளுவார்கள், பிறகு ரத்து என்று மெயில் வரும். அப்போது இரண்டாவது படியில் போட்ட பட்டியல்தான் உதவும், அதனால் சேர்ந்து முதல் சம்பளம் வரும்வரை அழிக்காதீர்கள்.

கடைசி ரவுண்டு வரை போன இடத்திலிருந்து தொடங்குங்கள், அதே பழைய மெயிலுக்கே பதில் போடுங்கள். "மார்ச் மாதம் டெஸ்ட் இன்ஜினியர் பதவிக்கான நேர்காணலிலிருந்து விலகியிருந்தேன். நான் ஏற்ற ஆஃபரை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றுவிட்டது. அந்தப் பதவியோ அதுபோன்ற வேறு பதவியோ காலியாக இருந்தால் உடனே கலந்துகொள்ளத் தயாராக இருக்கிறேன்." எப்போது சேர முடியும் என்ற தேதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கடைசி வேலை நாள் முடிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ரெக்ரூட்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். கன்சல்டன்டுக்கு மெயில் வேண்டாம், நேராகப் போன் போடுங்கள், அவரிடம் அன்றைக்கே இரண்டு வேறு பொசிஷன் கையில் இருக்கலாம்.